உன் பெயரில் என் ரொட்டி

அன்புள்ள சின்னவளுக்கு,

பெரியவள் எழுதுகிறேன். நீயும் தம்பியும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு தொடங்குகிறேன். அந்த எண்ணம் தப்பென்றால் உடனே எழுது. இங்கே எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அத்தைக்கு இடது கண்ணில் செய்த ஆபரேஷன் ஆறிவிட்டது. இப்போது யார் தட்டில் எத்தனை துண்டு விழுகிறது என்பதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. என் வீட்டுக்காரர் கீழே பட்டறையில் தையல் மெஷின்களோடு பேசுகிற அளவுக்கு என்னோடு பேசுவதில்லை. அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

வாரம் இரண்டு முறை போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயெடுத்தால் நடுவில் நீ "அக்கா" என்பாய், எனக்குப் பேச்சு மாறிப்போகும். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. தவிர, இதோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. முழுக்கப் படித்த பிறகு அதைப் பிரி. பிரித்துவிட்டாயா? உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன. சரி, படி.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நடந்ததை நீ போனில் காதால் கேட்டாய், கண்ணால் பார்க்கவில்லை. பேக்கரி வாசலிலிருந்து இஸ்திரிக் கடை வரை ஏழு மேஜை போட்டிருந்தார்கள். மேலே ஒரு துணியில் கொட்டை எழுத்தில் "சித்தி ரொட்டி, ஐந்தாம் ஆண்டு" என்று எழுதிக் கட்டியிருந்தார்கள். அந்தத் துணியின் ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தது நான். சித்தி என்பது என் மகள் உன்னைக் கூப்பிடுகிற பெயர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீ அளவு தெரியாமல் முப்பது பேருக்கான மாவைப் பிசைந்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றபோது, நம் பேக்கரிக்காரர் விடுமுறைக்குப் பூட்டியிருந்த கடையைத் திறந்து அடுப்பைக் கொடுத்தார். என் மகள் தெருவில் நின்று "சித்தி ரொட்டி, சித்தி ரொட்டி" என்று கத்தி எல்லாரையும் கூப்பிட்டாள். மாதத்தின் முதல் ஞாயிறு அன்றிலிருந்து ரொட்டி நாளாகிவிட்டது. அன்று அந்த மாவைச் சலித்துக் கொடுத்தது யார், பிறகு அத்தனை பாத்திரத்தையும் கழுவியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நான் இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து உனக்கு முன்னால் ஒன்பது வருஷம் சமைத்திருக்கிறேன். அதற்காக ஒரு ஸ்டூலைக்கூட யாரும் தெருவில் போட்டதில்லை.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ரொட்டி அன்று அருமையாக வந்திருந்தது. பதினான்கு ரொட்டி. தவிட்டோடு அரைத்த கோதுமை. சனிக்கிழமை மத்தியானமே பிசைந்து, மணிக்கொரு தரம் கையை நனைத்து மடித்து மடித்துப் போட்டது. மேல்தோல் நல்ல பழுப்பாக, அடுப்பிலிருந்து எடுத்து வைத்ததும் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் அந்தச் சத்தத்தைக் கேட்கக் காதைக் கொண்டுபோய் வைத்தார்கள். வெட்டினால் உள்ளே ஈரமும் புளிப்பும் சேர்ந்த வாசனை. இஸ்திரிக்காரர் முதல் துண்டை வெண்ணெய்கூடத் தடவாமல் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். ஒரு மணி நேரத்தில் பலகையில் தூள்தான் மிச்சம். அதையும் விரலால் ஒற்றி எடுத்துத் தின்றார்கள். அத்தைக்கு மூன்றாவது துண்டு கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "சின்னவ கை மணம் அப்படியே இருக்கு"ன்னு சொன்னார்கள்.

உன் கை எங்கே இருக்கிறது? விமானத்தில் வந்தாலே முழுசாக ஒரு பகல் ஆகும். மாவு ஒட்டி, முழங்கை வரை வலியோடு, கத்தியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றது என் கை.

பிறகு மருந்துக்கடைக்காரர் எழுந்து பேசினார். இந்தத் தெருவில் ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரியாமல் இருந்தோம், சித்திதான் நம்மையெல்லாம் ஒரே மேஜைக்குக் கொண்டு வந்தது என்றார். கைதட்டல். அவள் ஊரைவிட்டுப் போனாலும், ரொட்டியைப் பொங்கவைக்க ஜாடியில் அவள் விட்டுப்போன புளித்த மாவு போகவில்லை என்றார். மறுபடியும் கைதட்டல். கடைசியில் உட்காரப் போனவர் நினைவு வந்தவராக, "பெரியவங்களும் அந்த மாவைப் பத்திரமா பார்த்துக்கறாங்க"ன்னு ஒரு வார்த்தை சேர்த்தார். மாவுக்கு நான் காவல்காரி! எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் இன்னும் பதினான்கு ரொட்டி சுட்டிருக்கலாம்.

அதற்குமேல் நீ போனில் வந்தாய். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்கள். நீ அழுதாய். அழுதுகொண்டே, "அக்கா மட்டும் இல்லேன்னா அந்த மாவு என்னைக்கோ செத்திருக்கும்"ன்னு சொன்னாய். தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இனிப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். நீ விட்டுப்போன மாவு உயிரோடு இல்லை. நீ போன பதினோராம் நாளே செத்துவிட்டது.

ஜாடியை என் கையில் கொடுத்து, தினமும் ஒரு கரண்டி மாவு, ஒரு கரண்டி தண்ணீர், மறந்துவிடாதீர்கள் அக்கா என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாய். முதல் மூன்று நாள் உண்மையாகவே மறந்துவிட்டேன். நான்காம் நாள் நினைவு வந்தது. ஜாடியை எடுத்தும் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அத்தை கூடத்திலிருந்து, சின்னவள் இல்லாமல் வீடே வெறிச்சோடிப் போச்சு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அதே வீட்டில், பத்தடி தள்ளி, அவர்களுக்குத்தான் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். ஜாடியை மறுபடி அலமாரியில் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததற்கு மறதி என்று பெயர் வைக்க முடியாது. பதினோராம் நாள் திறந்தபோது மேலே ரோஜா நிறத்தில் பூஞ்சை படர்ந்து கிடந்தது. வழித்துக் கொட்டிவிட்டு ஜாடியை மூன்று தடவை கழுவினேன்.

கொட்டின பிறகுதான் எனக்கு உறைத்தது. முதல் ஞாயிறு வரப்போகிறது. என்ன சொல்வேன்? பொறாமையில் கொன்றுவிட்டாள் என்பார்கள். பொய்யாகவும் இருக்காதே, அதுதான் சங்கடம். கோதுமை சரியாக வரவில்லை என்று அத்தையிடம் சொன்னேன், காய்ச்சல் என்று தெருவிடம் சொன்னேன். அந்த மாதம் ரொட்டி இல்லை. அதற்குள் உன் ஜாடியிலேயே நானாக வெறும் மாவும் தண்ணீரும் கலந்து தொடங்கினேன். மூன்றாம் நாள் பொங்கியது, நான்காம் நாள் அடங்கிவிட்டது. அதுவும் செத்தது என்று நினைத்தேன். ஆனாலும் கொட்ட மனசு வரவில்லை. சமையலறையில் ஆள் இல்லாதபோது ஜாடிக்குப் பக்கத்தில் போய் நின்று, வந்துவிடு, மானத்தைக் காப்பாற்று என்று கெஞ்சியிருக்கிறேன். ஒன்பதாம் நாள் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வழிந்தது. என் மகள் பிறந்தபோதுகூட நான் அப்படிச் சிரித்திருக்க மாட்டேன்.

முதல் ரொட்டி செங்கல். என் வீட்டுக்காரர் அதைப் பட்டறைக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்தார், ஒரு வாரம் நன்றாக உழைத்தது. இரண்டாவதைத் தின்னலாம், தண்ணீர் பக்கத்தில் இருந்தால். மூன்றாவதிலிருந்து நான் என் போக்கில் செய்தேன். நீ தவிட்டைச் சலித்து எறிவாய், நான் வறுத்துச் சேர்த்தேன். நீ அவசரக்காரி, நான் நீ விடுவதைவிட அரை நாள் கூடுதலாக ஊற விட்டேன். அடுத்த மாதம் மேஜைக்குக் கொண்டுபோனபோது, பேக்கரிக்காரர் ரொட்டியின் அடியைத் தட்டிப் பார்த்து, "முன்னைவிட நல்லா வருதே, என்ன பண்றீங்க?"ன்னு கேட்டார். சின்னவளே, இந்தப் பதினான்கு மாதத்தில் என் கைக்கு வந்த பாராட்டு அது ஒன்றுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தபடிதான் என்று சொன்னேன். குட்டு வெளிப்பட்டுவிடும் என்கிற பயம். சந்தேகம் வரக்கூடாதென்று ரொட்டியின் மேல் நீ வழக்கமாகப் போடும் கோதுமைக் கதிர் அடையாளத்தையே கீறினேன். இன்றுவரை அதையே கீறிக்கொண்டிருக்கிறேன். என் பெயரை யாரும் பறிக்கவில்லை. நானே மாதாமாதம் பிளேடால் கீறி உனக்குக் கொடுத்திருக்கிறேன். அப்புறம் உன்மேலேயே பொறாமைப்படுகிறேன்.

இதையும் சொல்லாமலே காலத்தை ஓட்டியிருப்பேன். அன்று சாயங்காலம் நீ தனியாகக் கூப்பிட்டாயே, அதுதான் கெடுத்தது. நீ கொண்டுபோன மாவு அங்கத்திய குளிரில் கெட்டுப்போனது, நம் ஜாடியிலிருந்து கொஞ்சம் காயவைத்து அனுப்புங்கள் என்றாய். கட்டடத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, தம்பி வேலைக்குப் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அங்கேயும் ஒரு ரொட்டி ஞாயிறு தொடங்கிப் பார்க்கப் போகிறேன் என்றாய். அதுவரை எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அடுத்து, மாடி வீட்டு அக்கா மட்டும் நல்ல மாதிரி, தினமும் வந்து பார்க்கிறார்கள், அந்த அக்காவுக்கு ரொட்டி கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்றாய். ஒரே மூச்சில் நான்கு தடவை அக்கா. அதில் ஒன்றுகூட நான் இல்லை.

போனை வைத்துவிட்டு ஜாடியை எடுத்தேன். காகிதத்தில் மெல்லிசாகத் தடவி, மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் காயவைத்து, உதிர்த்துப் பொட்டலம் கட்டினேன். ஒன்றும் சொல்லாமல் அனுப்பியிருந்தால் உனக்குத் தெரியப் போவதில்லை. நீ ரொட்டி சுடுவாய். மாடி வீட்டுக்காரி ஆகா என்பாள். எங்க வீட்டு மாவு, நான் தொடங்கினது என்று நீ வாயெல்லாம் பல்லாகச் சொல்வாய். அங்கேயும் உன் பெயர்! அதை நினைத்த மாத்திரத்தில் பேனாவைத் தேடி எடுத்துவிட்டேன். நான் நேர்மையானவள் என்பதால் இதை எழுதுகிறேன் என்று எண்ணி ஏமாந்துவிடாதே. பொறாமை தாங்காமல்தான் எழுதுகிறேன்.

பொட்டலத்தில் இருப்பதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அதே அளவு கோதுமை மாவு கலந்து, துணி போட்டு மூடி, வீட்டில் கதகதப்பான மூலையில் வை. காலையும் மாலையும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் கொடு. மூன்றாம் நாள் சத்தமில்லாமல் இருந்தாலும் கொட்டிவிடாதே. கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பிறகு வந்துவிடும். அது நான் வளர்த்தது, எனக்குத் தெரியும். வந்ததும் ரொட்டி சுட்டு அந்தக் கட்டடத்தில் ஒரு கதவு விடாமல் தட்டிக் கொடு. எவ்வளவு நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள் பார்ப்போம். யாராவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால், இது எங்க அக்கா மாவு என்று சொல். ஒரு தடவை சொன்னால் போதும். மாடி வீட்டில் மட்டும் இரண்டு தடவை சொல்.

இங்கே வரப்போகிற முதல் ஞாயிறு, ரொட்டியின் மேல் கதிர் போட மாட்டேன். ஒரே ஒரு கோடு போடுவேன். ஏன் என்று யாராவது கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடுவேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். அத்தை இரண்டு நாள் பேசாமல் இருப்பார்கள், மூன்றாம் நாள் ரொட்டி கேட்பார்கள். தெரு என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்களுக்கெல்லாம் நான் பயப்படவில்லை.

உனக்கு மட்டும்தான் பயப்படுகிறேன். உன் மாவை நான் சாகவிட்டேன். உனக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான். வேண்டிய மட்டும் திட்டி எழுது, பக்கம் பக்கமாக எழுது, எல்லாவற்றையும் படிப்பேன். மாடி வீட்டுக்காரியை நீ எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாடி வீட்டம்மா என்றால்கூட மரியாதையாகத்தான் இருக்கும். எனக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியில் மட்டும், நீ இத்தனை வருஷமாகக் கூப்பிட்டதையே எழுது. அதை மாற்றிவிடாதே.

நீயும் தம்பியும் நிறைந்த வயிறும் நிறைந்த வீடுமாக இருக்க வேண்டும். உன் வாசலுக்கு நாலு பேர் வந்து போக வேண்டும். மாவு பொங்கியதும், எந்த நேரமானாலும், கூப்பிட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா