கண்ணையாவின் விரதமும் ஆறு வெள்ளைக் குட்டிகளும்

மே 9, 2026, சனிக்கிழமை, மாலை மணி 4.20. கிள்ளான் வீட்டில் ஆள் இரண்டு, இருவரும் சுகம். கோபம் ஒன்று, அது எனக்கு.

அன்பு மகள் இந்துஜா, கிளாஸ்கோவில் குளிர் விட்டிருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். வியாழக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் கண்ணையாவைப் பார்த்தேன். பண்ணைக்குப் போய்க் கறுப்பு இனத்தில் ஆறு, வெள்ளை இனத்தில் ஆறு பன்றிக்குட்டிகளின் தசையை வெட்டி எங்கள் லேபுக்கு அனுப்புகிறவன் அவன்தான், அதிலிருந்து நான் ஆர்என்ஏ பிரித்துத் தந்த கணக்கை வைத்துத்தான் நீ ஆய்வேடு எழுதியிருக்கிறாய். தே தாரிக் பால்டீயை ஆற்றிக்கொண்டே சிரிக்கிறான், "தைப்பூசத்துக்கு நாப்பத்தெட்டு நாள் விரதத்துல இருந்துட்டு பன்னிக் கொட்டாய்க்குள்ள எப்படிண்ணே போறது? கறுப்பு இனத்த முன்னாடியே முடிச்சிட்டேன், வெள்ளைய தைப்பூசம் கழிச்சுத்தான் வெட்டினேன், அதுக்குள்ள நல்லா வளந்துருச்சு லா." விரதம் அவன் இஷ்டம், வேறு ஆளை அனுப்பியிருக்கலாமே என்று அங்கேயே திட்டினேன். எங்கள் லேப் தலைவர் டாக்டர் அமுதவள்ளிக்கு அப்போதே தெரியுமாம், பரவாயில்லை என்றாராம். உனக்குத் தந்த அட்டவணையிலோ பன்னிரண்டு குட்டிகளுக்கும் ஆறு வார வயது என்று போட்டிருக்கிறார்.

உடனே உனக்குப் போன் போட்டால், ரிசல்ட் அழகாக வந்திருக்கிறது, விட்டுவிடுங்கள் அப்பா என்கிறாய். அழகாக வராமல் என்ன செய்யும்? ஆர்என்ஏ மேல் ஒட்டுகிற மெத்தில் குறிதான் எந்தச் செய்தி நிலைக்கும், எது அழியும், தசை நார் எப்போது தடிக்கும் என்பதில் கை வைக்கிறது. ஒரே குட்டியிலேயே அது வாரத்துக்கு வாரம் மாறும். ஏழு வாரம் மூத்ததை இளையதோடு வைத்து இன வித்தியாசம் என்று எழுதினால், நீ அளந்தது இனத்தையா, கண்ணையாவின் விரதத்தையா? சொன்னால் பட்டம் அரை வருஷம் தள்ளும், தெரியும். பிள்ளையை அழவைக்காதே என்று உன் அம்மா இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அழு, பரவாயில்லை. பொய்யை மட்டும் அனுப்பாதே. ஆய்வேடு கொடுக்க இருபதாம் தேதி கடைசி நாள், மறக்காதே. முருகன் உனக்குத் துணை இருப்பான், உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
கௌசிகன்

இனி நான் செய்யப்போவது:
1. திங்கள் காலை கண்ணையாவை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போவேன்.
2. அட்டவணையைத் திருத்த மறுத்தால், ஆய்விலிருந்தே என் பெயரை எடுக்கச் சொல்வேன்.
3. அடுத்த ஈற்றில் வெள்ளைக் குட்டிகளை ஆறு வாரத்தில் நானே போய் வெட்டுவேன்.
4. உன் பேராசிரியருக்கு நான் எழுதமாட்டேன். அதை நீதான் எழுத வேண்டும்.