மலருக்குக் கொடுத்த முறுக்கு

அண்ணி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று தேக்கா சந்தையில் வடை பொரிக்கும் வாசனை ஆளை இழுத்தது. ஒன்றை வாங்கித் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தின்றேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. உங்கள் மகள் மலர் என்னுடன் வரவில்லை, பாலிடெக்னிக்கில் இருந்தாள். அவள் கண்ணில் படக்கூடாது என்ற பழக்கம், அவள் இல்லாதபோதும் என்னை ஒளிய வைக்கிறது.

தொடக்கப்பள்ளியோடு நின்ற எனக்கு அவள் நோயின் பெயர் இன்றும் வாயில் நுழையாது. பரம்பரையாக வரும் குறை, புரதத்தை உடம்பு சரியாக உடைக்காது, மிச்சம் இரத்தத்தில் ஏறி வளரும் மூளையைக் கெடுக்கும் என்று நீங்கள் சொன்னது புரிந்தது. புரிந்ததாக நினைத்தேன். புக்கிட் மேரா வீட்டில் அவளுக்குச் சோற்றைக்கூடச் சின்னத் தராசில் நிறுத்துத்தான் போடுவீர்கள். பருப்பு, பால், முட்டை, மீன் எதுவும் கிடையாது. அவளுக்கென்று கரைக்கும் மருந்து மாவின் நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்துவேன். மலேசிய எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை என்று உங்களைக் கேலி செய்வேன்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. நீங்கள் வேலைக்குப் போன மாலைகளில் நான்தான் பார்த்துக்கொண்டேன். பிள்ளை ஏக்கமாகப் பார்க்கிறதே என்று இரண்டு உளுந்து முறுக்கு கொடுத்தேன். மறுநாளும் இரண்டு. தீபாவளி டப்பா காலியாகும்வரை அப்படியே.

மூன்றாவது வாரம் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். ஓர் இடத்தில் உட்காருவதில்லை, தெரிந்த எழுத்தும் வரவில்லை, பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டாள். வீட்டிலும் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். கண் பட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது நான்தான். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். முடித்ததும், பாவம் என்று கையில் ஒரு முறுக்கும் கொடுத்தேன்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று நீங்கள் யாரையும் கேட்கவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். முறுக்கு கொடுத்ததை நானாகத்தான் சொன்னேன். திட்டுக்காகக் காத்து நின்றேன்.

"போனது திரும்பி வருமான்னு டாக்டரைக் கேட்டேன், சாந்தி. சாப்பாட்ட இறுக்கிப் பிடிச்சா வரும்னு நம்பலாம்னாரு," என்றீர்கள். பிறகு தராசை என் பக்கம் நகர்த்தினீர்கள். "நாளையிலேர்ந்து நீயே நிறுத்துப் போடு."

அண்ணி, நீங்கள் என்னை வீட்டுக்கு வராதே என்று சொல்லியிருக்கலாம்.

சில வாரம் கழித்து ஒரு மாலை அவள் அமைதியாக உட்கார்ந்து பூனைப்படம் வரைந்து முடித்தாள். நீங்கள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எனக்குக் கேட்டது. இதுவரை சொன்னதில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். மலர் இப்போது தன் சாப்பாட்டைத் தானே நிறுத்துக்கொள்கிறாள். என்னைவிடக் கெட்டிக்காரி, அது ஒன்றும் பெரிய சாதனை இல்லை. என் கண் மட்டும் இன்னும் அவள் தட்டைவிட்டு நகர்வதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கேலாங் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மலருக்குக் கட்டிவிட்ட அதே பச்சையில் சேலை, முதுகைக் காட்டி நின்றவள் பருப்புப் பாயசத்தை வாய்க்குக் கொண்டுபோனாள். பின்னாலிருந்து பிடுங்கினேன்.

அது மாப்பிள்ளையின் அம்மா. கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். பாதிதான் சிந்தியிருந்தது.