சுவரில் வெள்ளை வட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே எங்கள் தெருவில் கடைச் சுவர்களில் வெள்ளை வட்டம் போட்டார்கள். "எனக்கு முட்டை மார்க் போட்டுட்டாங்க டீச்சர். பைப் போடத்தானாம்" என்று தையல்காரர் சிரித்தார். பிறகு வட்டத்துக்குள் எண் எழுதினார்கள். அடுத்த வாரமே சாவிக்கடை, பால்கடை, தையல்கடை எல்லாவற்றையும் இடித்துத் தகரம் அடித்துவிட்டார்கள். என் ரவிக்கைகளும் உள்ளேதான் இருந்தன. போகட்டும், பழையவை.

நம் கடைச் சுவரிலும் யாரோ வட்டம் போட்டதாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். குழாய் போடத்தான் என்று யார் சொன்னாலும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கல்லாவுக்கு மேலே இருக்கும் அம்மா படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வட்டத்துக்குள் எண் இருக்கிறதா? அதை மட்டுமாவது உடனே எழுதுங்கள்.

உங்கள் மகள்