நாற்பத்தெட்டு மணி நேர பேட்டரி

12-11-1992, வியாழன்
ராஜபாளையம்

அண்ணன் போன ராணுவ விமானம் செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு இமயமலைப் பக்கம் காணாமல் போனது. நான் வேலை பார்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து இன்றும் அண்ணனின் ராணுவ முகாமுக்குப் பேசினேன். தேடுகிறோம் என்கிறார்கள். அவ்வளவுதான்.

காலையில் அண்ணன் மனைவி, என் மதினி, கேட்டார்: "தம்பி, நீங்க படிச்சவுக. அவியள எப்படிக் கண்டுபிடிப்பாவ?"

விமானம் விழுந்தால் அதில் இருக்கும் ஒரு பெட்டி தானாகவே சிக்னல் அனுப்பும், மேலே சுற்றும் சாட்டிலைட் அதைப் பிடித்து இடத்தைக் காட்டிவிடும் என்றேன். மதினியின் முகம் தெளிந்தது. நான் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

"எம்புட்டு நேரம் அனுப்பும்?"

"பேட்டரி இருக்க வரைக்கும். நாப்பத்தெட்டு மணி நேரம்."

"பொறவு?"

"பொறவு அனுப்பாது."

அம்மா அடுப்படியில் இருந்து கத்தினாள்: "ஏலே, ஒன் படிப்பக் கொண்டு போயி ஓடையில போடு! செத்த நேரம் வாய மூடிட்டு இருக்க மாட்டியா?"

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு ஐம்பது. என் கைக்கடிகாரத்தில் ஆறேகால். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தால் பின்னால் செல் இல்லை. மதினி வலது கையை இறுக மூடி உட்கார்ந்திருந்தார்.

இமயமலைப் பனியில் அந்தப் பெட்டியின் பேட்டரி நான் சொன்ன நேரம்கூடத் தாங்காது. இதை மட்டும் நான் சொல்லவில்லை.

புது செல் ஒன்று என் மேஜையில் கிடக்கிறது. எழுந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தில் போடப் பயமாக இருக்கிறது.