ஒன்றாம் எண் ஆணி

மதாம்,

பள்ளிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்ததால் இன்று காலை அலமாரியை நகர்த்தினோம். பின்னால் சுவரோரம் ஒரு துணி மூட்டை கிடந்தது. பிரித்தால், பிஸ்கத்து டப்பா மூடிகளை வெட்டி நீங்கள் செய்த தகர வில்லைகள். சணல் கயிற்றில் கோத்தது கோத்தபடி இருந்தன. துரு வாசனை கையில் ஏறிக்கொண்டது. இரண்டு முறை கழுவிவிட்டேன், போகவில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் என்னை விடுவதாக இல்லை நீங்கள்.

நீங்கள் புதுச்சேரியிலிருந்து வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறது. நம் தலைமைக் கன்னியர் பிரான்சு தேசத்துக்காரர். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துப் பிள்ளைகள் தம்முடைய பிரெஞ்சைப் பேசிக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை, அதற்குத்தான் உங்களை வரவழைத்தார். இருந்தது ஒரே கூடம். நடுவில் மூங்கில் தட்டியை நிறுத்தி, அந்தப் பக்கம் பிரெஞ்சு, இந்தப் பக்கம் என் கணக்கு என்று பிரித்தார்கள். உங்களுக்கு என்னைவிட இரண்டு வயது கூடத்தான் இருக்கும். ஆனாலும் வந்த அன்றே என்னை "அக்கா" என்றீர்கள். அந்த நிமிடமே உங்களை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருமினால் கேட்கும். உங்கள் பக்கமோ சந்தை. பாதிப் பேர் முந்தானையில் கத்தரிக்காயும் வெங்காயமும் வைத்துக்கொண்டு கூவுவார்கள், மீதிப் பேர் பிரெஞ்சில் பேரம் பேசுவார்கள். "போன்ழூர் மதாம்" என்று வணக்கம் சொல்லாமல் போனால் கடைக்காரி காயைத் தரமாட்டாள். பிரான்சில் அதுதான் மரியாதையாம். என் பிள்ளைகளின் சிலேட்டு என் பக்கம் இருக்கும், காது உங்கள் பக்கம் இருக்கும். பதினாறாம் வாய்ப்பாட்டை நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அதையெல்லாம் பொறுத்திருப்பேன். என் மகள் லூர்து விஷயத்தில்தான் பொறுக்க முடியவில்லை.

சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை உண்டு. இறங்கும்போது பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போகவேண்டும், ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்டவேண்டும். ஷிப்ட் முடிந்து ஓர் ஆணி காலியாக இருந்தால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். என் வீட்டுக்காரருடைய எண் பதினேழு. அந்த ஆணி காலியாகவே நின்றுபோனது. அப்போது ஒன்பது வயதான என் மகள் லூர்து அன்றோடு பேச்சை நிறுத்தினாள். தலையாட்டுவாள், கையைக் காட்டுவாள், அவ்வளவுதான். கோலார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். அடித்தும் பார்த்தேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு நாள் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யார் சிரிப்பு என்று எனக்குச் சொல்ல வேண்டுமா? சுண்ணக்கட்டி கையில் அப்படியே நின்றுவிட்டேன். சந்தோஷப்பட வேண்டியவள், வயிறு எரிந்து நின்றேன். பெற்றவளிடம் சிரிக்காதவள் எவளிடமோ சிரிக்கிறாளே என்று இருந்தது. ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது? பொறாமைதான் மதாம், சுத்தமான பொறாமை.

பிறகு தகர வில்லைகள் வந்தன. வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் பலகையிலிருந்து ஒரு வில்லையை எடுத்துத் தன் எண்ணைப் பிரெஞ்சில் சொல்லவேண்டும். ஒன்றாம் எண் உங்களுடையது. மணி அடித்ததும் எல்லாரும், சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கூண்டான கேஜில் நிற்பதுபோல, நெருக்கி நிற்பீர்கள். சுரங்கத்துத் தட்டுகளைப் போலவே முதல் லெவலில் சந்தை, இரண்டாம் லெவலில் சமையல்கட்டு, மூன்றாம் லெவலில் அந்த ஊர்ப் பண்டிகை. ஒவ்வொரு லெவலிலும் பிரெஞ்சு மட்டும்தான். மேலே வந்ததும் வில்லையை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே ஓடுவார்கள். நான் எட்டிப் பார்த்தபோது லூர்து கழுத்தில் பதினேழாம் எண் தொங்கியது. இந்தப் புதுச்சேரிக்காரிக்கு எங்கள் சாவு விளையாட்டாகப் போயிற்றா என்று கொதித்தேன்.

ஆனால் நான் புகார் சொல்லப் போனது அன்றைக்கு இல்லை, அதுதான் என் யோக்கியதை. போனது, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாளுக்கு மறுநாள். பிரான்சில் அந்தத் திருநாளில் பணியாரத்துக்குள் ஒரு மொச்சையை மறைத்து வைப்பார்கள், கிடைத்தவர் அன்றைய ராஜா என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். நமக்கும் மொச்சைக் காலம். பேத்தமங்களா தோட்டத்து மொச்சையில் ஒன்றைப் பன்னுக்குள் வைத்தீர்கள். அது லூர்து வாயில் அகப்பட்டது. தங்கக் காகிதக் கிரீடம் அவளுக்கு. ராணி தனக்குப் பிடித்த ஒருவருக்கு இன்னொரு கிரீடம் சூட்டலாமாம். நானும் தட்டி ஓரத்தில்தான் நின்றிருந்தேன். லூர்து என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எக்கி நின்று, உங்கள் தலையில் வைத்தாள்.

மறுநாள் தலைமைக் கன்னியர் முன்னால் நான் அழுதேன். "என் வீட்டுக்காரர் செத்த குழியை வெச்சி பிள்ளைங்களுக்கு ஆட்டம் காட்றாங்கம்மா. என் பொண்ணு கழுத்துல அவரு நம்பரையே மாட்டிக்கீறாங்க" என்றேன். சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. சொன்ன காரணம்தான் பொய். அன்று சாயங்காலமே பலகையைக் கழற்றினார்கள். வில்லைகளை மூட்டை கட்டினார்கள். உங்களுக்குப் பாடப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, பார்த்து எழுதவைத்தால் போதும் என்றார்கள்.

நீங்கள் என்னிடம் வந்து கோபப்படுவீர்கள் என்று காத்திருந்தேன். ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். நீங்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தீர்கள்.

"அக்கா, எனக்கு உங்க ஊரு வழக்கமெல்லாம் தெரியாது. வில்லை, ஆணி, கேஜ், எல்லாம் லூர்து சிலேட்டுல படம் போட்டுக் காட்டினதுதான். பதினேழையும் அவளேதான் எடுத்துக்குவா. எதுக்குன்னு எனக்கு நேத்துதான் தெரியும்."

நான் சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"தினமும் கடைசியா அவதான் மேல வருவா. வில்லையை மாட்டிட்டு, ழெ சுய் ரெமோன்தேன்னு சத்தமா சொல்லுவா. நான் மேல வந்துட்டேன்னு அர்த்தம். சொல்லிட்டுத்தான் சிரிப்பா."

தட்டிக்கு இந்தப் பக்கம் அதை நானும் தினமும் கேட்டிருக்கிறேன். அர்த்தம் தெரியாமல், என்னிடம் பேசாதவள் அங்கே கத்துகிறாளே, இந்தக் கூச்சல் எப்போது ஓயும் என்று பல்லைக் கடித்திருக்கிறேன். ஏழு மாதம் காலியாக இருந்த ஆணியை என் பிள்ளை தினமும் நிரப்பிக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கிப்போட்டது நான்.

லூர்து மறுபடி ஊமையானாள். உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், என் தப்பு என்று. வீம்பு விடவில்லை. பன்னிரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பதின்மூன்றாம் நாள் தலைமைக் கன்னியரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெளியே வந்தால், உங்கள் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கடிதம் வந்து நீங்கள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டீர்கள் என்றார்கள். லூர்தை இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன். ரயில் நின்றுகொண்டிருந்தது. புகார் சொன்னது நான்தான் என்று வாய்வரைக்கும் வந்தது.

"நீங்க நடத்துங்கக்கா அந்த ஆட்டத்தை. உங்க தொண்டைக்கு மூணாம் லெவல் வரைக்கும் கேக்கும்" என்று ஜன்னலில் சாய்ந்து சிரித்தீர்கள். வண்டி நகர்ந்தபோது உங்கள் கழுத்தில் ஒன்றாம் எண் வில்லை ஆடியது. லூர்து வண்டியோடு ஓடினாள். ஏழெட்டு அடி தாண்டி, "மதாம், வாங்க! திரும்பி வாங்க!" என்று தமிழில் கத்தினாள். அதற்குப் பிறகு அவள் பேச்சு நிற்கவே இல்லை. அவளைப் பேசவைத்ததும் நீங்கள்தான், போகும்போதுகூட.

நான்கு மாதத்தில் காய்ச்சலில் நீங்கள் போன செய்தி வந்தது.

இப்போது காவேரியிலிருந்து கம்பி இழுத்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. லூர்துக்குப் பதினாறு வயது. இதே கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். மூட்டையைக் காட்டியதும், "இன்னாம்மா, இத்தினி நாளு இங்கியா கெடந்துச்சி?" என்று பிடுங்கிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் ஒரு பலகையில் அவளே வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொரு வில்லையாக மாட்டினாள். பதினேழையும் மாட்டினாள், விரலால் ஒரு தரம் தடவிவிட்டு. முதல் ஆணி மட்டும் காலி.

புதுத் தகரத்தில் ஒன்று வெட்டிப் போட்டுவிடலாமே என்று வெள்ளையடிக்க வந்த பெரியவர் கேட்டார். லூர்து வாயைத் திறப்பதற்குள் நான் கத்திவிட்டேன். "வாணாம். அவங்க இன்னும் மேல வரல."

அந்தக் கூடத்துக்குள் வரும்போதெல்லாம் இனி அவள் முதலில் அந்த ஆணியைத்தான் பார்ப்பாள், அப்புறம்தான் என்னை. இன்றைக்கே மூன்று முறை அவள் அப்படிப் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன். எரிகிறது மதாம், இன்றும் எரிகிறது. ஆனாலும் அந்த ஆணியில் எவளும் எதையும் மாட்ட நான் விடமாட்டேன்.