மஞ்சள் தொப்பிக்காரப் பெண்

அன்பு மகன் எஸ்கிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் முழங்கால் அந்த ஆஸ்திரேலிய வெயிலிலாவது சொன்னபடி கேட்கிறதா என்று எழுது. இந்த வருஷம் ஏரியில் பனிக்கட்டி சரியாக இறுகவேயில்லை, நடந்தால் அடியில் முனகுகிறது, அப்பா கேட்டால்தானே, துளை போட்டு மீன் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார். ஆனால் அவர்கூடக் பனி உடைந்து விழுந்தால் குத்திப் பிடித்து ஏறுகிற அந்த இரண்டு ஆணிக்கட்டைகளையும் கழுத்தில் மாட்டாமல் ஏரியில் கால் வைப்பதில்லை, கரையில் ஒரு ஆள் நிற்காமல் போவதுமில்லை. யார் பேச்சையும் கேட்காத மனுஷருக்கே அந்தப் பயம் இருக்கிறது.

நீ அனுப்பிய வீடியோவை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார், என் பையன் தயார் செய்கிற பெண்கள், தவளை நீச்சலில் இவர்களை மிஞ்ச ஆளில்லை என்று ஒரே பெருமை. நானும் சிரித்துக்கொண்டுதான் ஏலக்காய் பன் எடுத்து வைத்தேன். அப்புறம் தனியாகப் பார்த்தபோதுதான் கவனித்தேன். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு வேக வேகமாக மூச்சை இழுத்து விடுகிறாள், நீ பக்கத்தில் நின்று இன்னும், இன்னும் என்கிறாய். அப்புறம் முங்கி, நீருக்கடியிலேயே போகிறாள்.

நீயும் அப்படித்தானே செய்தாய். மற்றவர்கள் தலை தூக்கிய பிறகும் நீ அடியில் சறுக்கிக்கொண்டே வருவாய், அந்த முங்கலில்தான் தேசியப் போட்டியை ஜெயித்தாய், முழங்கால் போனபோது இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போகிறேன் என்றாய். ஆனால் பதினாறு வயதில் நம் ஊர் நீச்சல் குளத்திலிருந்து உன்னை நினைவில்லாமல் தூக்கிக் கரையில் போட்டதை மட்டும் வேடிக்கைக் கதையாகச் சொல்வாய், மூச்சு முட்டவேயில்லை, தூக்கம் வருகிற மாதிரி சுகமாக இருந்தது என்று. முட்டாததுதானடா ஆபத்து. முங்குவதற்கு முன் அப்படி வேக வேகமாக மூச்சு விட்டால் காற்று ஒன்றும் கூடுதலாகச் சேராது, காற்று வேண்டும் என்று உடம்பு கேட்பதுதான் நின்றுபோகும் என்று டாக்டர் சொன்னபோது நீ கட்டிலில் சிரித்துக்கொண்டிருந்தாய், உன் உதடு இன்னும் நீலமாக இருந்தது. எனக்கு அது மறக்கவில்லை.

உன்னை அன்று பாய்ந்து தூக்கிய உன் பழைய பயிற்சியாளர் சிக்ஸ்டனிடம் வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். “பையன் வாட்சையே பாக்கறான், தண்ணியப் பாக்கலயே,” என்றார். காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

உனக்கு ஃபோன் செய்தேன், இங்க எல்லாரும் செய்யறதுதாம்மா, நீ கெடந்து பயப்படாதே என்றாய். அதற்கு மறுநாளிலிருந்து நீ ஃபோன் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்த்ததாகக் காட்டுகிறது, பதில் இல்லை. அதனால்தான் உங்கள் ஊருக்கு வரும் பக்கத்து வீட்டு லினேயாவின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கம்பளிக் காலுறையும் இருக்கிறது, வெயில் ஊரில் எதற்கு என்று சிரிக்காதே.

வேளைக்குச் சாப்பிடு, அடிபட்ட காலை நீட்டி வைத்துத் தூங்கு. குளத்தருகே தண்ணீரை மட்டும் பார்க்க ஒரு ஆளை நிறுத்து, பிள்ளைகளை அப்படி மூச்சிரைக்க வைப்பதை இன்றோடு விடு. கடவுள் உன்னையும் உன்னை நம்பி வருகிற பிள்ளைகளையும் காக்கட்டும். ஒன்று மறக்காமல் எழுது. நீ அனுப்பிய வீடியோ அந்தப் பெண் அடியில் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. அவள் மேலே வந்தாளா?

உன் அம்மா,
ராக்ன்ஹில்ட்