பேப்பரில் தலைமுழுகிய மகளுக்கு

மாண்டலே

அன்பு மகள் சந்தா மோவுக்கு, அப்பா வாயால் சொல்ல, பக்கத்து வீட்டு நுவே அத்தை எழுதுவது. நானும் உன் அம்மாவும் விழுந்துவிடாமல் நடமாடுகிறோம், எல்லைக்கு அந்தப் பக்கம் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசாதது கோபத்தால் இல்லை, தெருமுனையில் சிப்பாய்கள் போனை வாங்கித் தடவிப் பார்த்த பிறகுதான் ஆளை விடுகிறார்கள், அதனால்தான் வெங்காய லாரியில் இந்தக் காகிதம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, நம் மோஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸ் கடையில் பாதிப் பானைதான் விற்கிறது, கரண்ட் வந்தால் உண்டு.

நீ ஃபேஸ்புக்கில் பட்டாள ஆட்சியை எதிர்த்த ஊர்வலப் படங்களைப் போட்டதற்காக வீட்டுக்குச் சீல் வைக்க வந்தார்களே, அப்போது ஊரில் பல பெற்றோர் செய்ததைத்தான் நானும் செய்தேன். இவள் என் மகள் இல்லை, தலைமுழுகிவிட்டேன் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். நுவே அத்தை அதைப் படித்துக் காட்டியபோது உன் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள், மேலே படி என்றேன். அதன்பின் ஒருவரும் வாசலுக்கு வரவில்லை, வீடு தப்பியது என்றிருந்தோம். நீ என்ன செய்தாய், அந்த விளம்பரத்தையே படம்பிடித்துப் போட்டு, அப்பா எனக்குப் புரிகிறது, உங்கள் மேல் வருத்தமில்லை, உங்கள் மகளாகவே சாவேன் என்று எழுதிவிட்டாய். ஊரே இதயம் போட்டதாம். சிப்பாய்களுக்கும் கண் இருக்கிறதே மகளே. மறுநாளே, சீல் வைக்க வந்திருந்த அந்த ஆபீசர் மறுபடி வந்து, "என்ன பெரியவரே, தலமுழுகின பொண்ணு உம்மக் கொஞ்சுதே, தண்ணி பத்தலையா" என்று சிரித்தான். இந்த மாதம் போகட்டும், பிறகு வீட்டுக்கும் கடைக்கும் பூட்டுத்தான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

எண்பத்தெட்டில் இதே பட்டாளத்தை எதிர்த்து நானும் ஊர்வலம் போனவன். ஆள் சேர்க்க வீடு வீடாகத் தட்டினோம், டீக்கடையில் காதோடு காதாகச் சொன்னோம், ஒரு தெரு திரளவே பல நாள் ஆனது. சுட்டபோது சந்துக்குள் ஓடினேன், மறுநாள் வழக்கம்போல் அரிசி மூட்டை தூக்கப் போய்விட்டேன், நீயா என்று கேட்க யாரிடமும் என் முகம் படமாக இல்லை. உங்களுக்கு ஒரு நொடியில் ஊரே கூடுகிறது, பெரிய விஷயம்தான், குறை சொல்லவில்லை, ஆனால் கலைந்து வீட்டுக்கு வர முடியவில்லையே. எனக்கு அலுத்துவிட்டது மகளே.

வீடும் கடையும் தப்ப வேண்டுமென்றால் நீ என்னைத் திட்டு. எல்லாரும் பார்க்கிற அதே இடத்தில், பட்டாளத்துக் காலை நக்குகிற கிழவன், இவன் எனக்கு அப்பனே இல்லை என்று எழுது. மெதுவாகத் திட்டினால் நம்ப மாட்டார்கள். பெற்றவரைப் புத்தரோடு சேர்த்து வைத்துக் கும்பிடச் சொல்லித் தந்ததும் நான்தான், தெரியும். நுவே அத்தை, "இத எப்படிண்ணே எழுத, கை வரலியே" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். உன் அம்மாதான் உள்ளிருந்து, "எழுதச் சொல்லு, எம் பேரையும் சேத்துத் திட்டச் சொல்லு, எனக்கு மட்டும் என்ன சலுகை" என்றாள்.

மழையில் நனையாதே. படித்ததும் இதை அடுப்பில் போடு, இதையும் படம்பிடித்துப் போட்டுவிடாதே. நோயில்லாமல், யார் கையிலும் சிக்காமல் நெடுநாள் இரு. விளக்குத் திருவிழாவுக்கு வருடா வருடம் எங்கள் முன் மண்டியிட்டுக் கும்பிடுவாய். இந்த வருடம் உன் வசவு வந்ததும், நானும் அம்மாவும் நல்ல துணி உடுத்திப் பாயில் உட்கார்ந்து, நுவே அத்தையைப் படிக்கச் சொல்லி, அதையே உன் கும்பிடாக ஏற்றுக்கொள்வோம்.

ஆசியுடன் கைநாட்டு வைக்கும்
உன் அப்பா ஊ டௌங் ஹான்